சிரிக்கக் கூடாத விளையாட்டு

செஞ்சியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த தர்மநாதன், அறுபத்து நாலாம் வருஷம் ஒரு வாரப் பத்திரிகையில், பிள்ளைகளுக்கு எழுத்தை விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கலாம் என்று படித்தார். எப்படி என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அவர் புரட்டவில்லை.

அட்டைப் பெட்டியைக் கிழித்துப் பதிமூன்று துண்டாக்கி, அ முதல் ஃ வரை எழுதினார். நாலு வயது மகள் நீலாஞ்சனாவைக் கூப்பிட்டு, தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு விளையாட்டு என்று அறிவித்தார். அவர் அட்டையை ஒளித்துவைப்பார். அவள் தேடியெடுத்து எழுத்தைச் சொல்ல வேண்டும். நடுவில் சிரிக்கக் கூடாது.

முதல் நாள் அவள் ஔ அட்டையில் மண்ணைக் குவித்துப் பொம்மைக்கு ஊட்டினாள்.

"அது தட்டு இல்ல. ஒழுங்கா வெளையாடு."

"பொம்மைக்குப் பசிக்குது நைனா."

"பொம்மைக்குப் பசிக்காது. ஔ சொல்லு."

மூன்றாம் நாள் ஈ கிடைக்கவில்லை. ஒளித்த இடம் அவருக்கே மறந்துபோயிருந்தது. ஆனாலும் அவள்தான் தேட வேண்டும் என்றார். ஜைனர் வீடு, பொழுது சாய்ந்தால் அங்கே சாப்பாடு கிடையாது. மனைவி மருதேவி தட்டோடு வந்து நின்றாள்.

"வெளிச்சம் போவுது. புள்ளைக்குச் சோறு போட வாணாமா?"

"வெளையாட்டு முடியட்டும்."

ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. விளையாட்டு முடியவில்லை. நீலாஞ்சனா பட்டினியோடு தூங்கிப்போனாள். காலையில் மருதேவி காப்பி டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். தர்மநாதனுக்குக் காப்பி சூடாக இருந்ததில் திருப்தி.

அன்று சாயங்காலம் தன் முறையைக் காட்டுவதற்குப் பள்ளிக்கூட வாத்தியார் சுந்தரமூர்த்தியை அழைத்துவந்தார்.

"பாப்பா, வெளையாட்டு புடிச்சிருக்குதா?" என்று வாத்தியார் கேட்டார்.

அவள் வாத்தியாரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். "வெளையாட்டு வாணாம். என்னைப் பள்ளிக்கூடத்துல சேத்துடுங்க."

முப்பது வருஷ சர்வீசில் வாத்தியாரிடம் எந்தப் பிள்ளையும் அப்படிக் கேட்டதில்லை. சமையலறையில் மருதேவி வாய்விட்டுச் சிரித்தாள்.

"பாத்தீங்களா சார், நாலே நாள்ல படிப்பு மேல எவ்ளோ ஆசை வந்துட்டுது," என்றார் தர்மநாதன்.

வயசை ஒன்று கூட்டி எழுதி, அந்த வாரமே அவளைச் சேர்த்துவிட்டார்கள். மூட்டை இறக்க வந்த தொண்டூர்க்காரர்களிடமெல்லாம் தர்மநாதன் தன் முறையை விளக்கினார். எடை போட்டு முடியும்வரை அவர்களும் தலையாட்டிக் கேட்டார்கள்.