இடப்பக்கத்து ஏழாவது துளை

ஜெபகுமார் பதினோரு வருஷம் நீர்மூழ்கிக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஆனால் அந்தக் கப்பல் வெளியே எப்படி இருக்கும் என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார். அடுப்பே கதி என்று உள்ளே கிடந்தவருக்கு வேறென்ன தெரியும்? சித்தூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தக் கப்பலின் மாதிரியைச் செய்ய உட்கார்ந்த பிறகுதான் இந்த அறியாமை அவரைப் பாடாய்ப் படுத்தியது.

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கிட், ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல். நிஜக் கப்பலின் மேல்தளப் பக்கங்களில் தண்ணீர் புகவும் வடியவும் வரிசையாகத் துளைகள் இருக்கும். கிட் தயாரித்த புண்ணியவான் அவற்றைக் கறுப்பு ஸ்டிக்கராகக் கொடுத்துத் தன் வேலையை முடித்துக்கொண்டான். வேறு எதை விட்டாலும் அந்தத் துளைகளை விட ஜெபகுமாருக்கு மனமில்லை.

காரணம் இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன், விசாகப்பட்டினத்தைத் தாண்டி வெகுதூரத்தில், கப்பல் நீர்மட்டத்துக்கு வந்திருந்த ஒரு காலையில், காய்கறிக் கழிவைக் கொட்ட அவர் மேலே ஏறினார். எங்கிருந்தோ வந்த அலை அவரை இடப்பக்கமாகச் சாய்த்துத் தண்ணீருக்குள் தள்ளியது. கண்ணைத் திறந்தபோது கண்டது ஒரே காட்சி. கூட வேலை செய்த கங்கையா ஒரு கையால் அவர் காலரைப் பற்றியிருந்தார். மறு கையின் விரல்கள் கப்பலின் துளை ஒன்றுக்குள் செருகியிருந்தன. அப்புறம் நினைவில்லை. கங்கையாவின் இரண்டு விரல்நுனிகள் அந்தத் துளையின் விளிம்பிலேயே போயின. அந்த மாதமே அவர் வேறு கப்பலுக்கு மாறிப்போனார். ஜெபகுமாரால் ஒரு நன்றிகூட நேரில் சொல்ல முடியவில்லை.

கங்கையா திருப்பதியில் குடியிருக்கிறார் என்பது போன வருஷம்தான் தெரிந்தது. போனில் கூப்பிட்டால், "அதுக்கு இன்னாடா இப்போ? உடு," என்பார். வருகிறேன் என்றால் ஏதாவது சாக்கு. வெறும் வாயால் சொன்னால்தானே தட்டிக்கழிப்பார், கையில் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால் என்ன செய்வார் என்றுதான் இந்த வேலை தொடங்கியது.

மனைவி மோகனப்ரியா செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். பல் குடையும் நுண்ணிய முனைகளும் சின்ன அரங்களும் அவள் தயவில் கிடைத்தன. இணையத்தில் அகப்பட்ட படத்தை வைத்து ஜெபகுமார் துளைகளை எல்லாம் குடைந்து முடித்தார். முடித்த மறுநாள், பழைய நண்பர் அருள்குமார், அவர்கள் இருந்த கப்பலையே கரையேற்றிப் பழுதுபார்த்தபோது எடுத்த படத்தை அனுப்பினார். பார்த்தால் இடைவெளிகள் வேறு! இவர் நகலெடுத்தது அதே வகையைச் சேர்ந்த இன்னொரு கப்பலை.

"எல்லாம் ஒரே மாதிரி கப்பலுன்னு சொன்னீங்களே?" என்றாள் மோகனப்ரியா.

"ரிப்பேருக்குப் போறப்பல்லாம் வெட்டி ஒட்டிடறாங்கடி. நான் இன்னா கண்டேன், உள்ள சாம்பார் வெச்சிக்கினு இருந்தேன்."

"சரி, சொத்தைப் பல்ல அடைக்கறாப்பல அடைச்சிட்டு மறுபடி போடுங்க. மொதல்ல துன்ன வாங்க."

அடைத்தார், தேய்த்தார், மறுபடி குடைந்தார். புதிய படத்தில், மேல்தளத்தின் நடுவே எழுந்து நிற்கும் கோபுரத்துக்குப் பின்னால் ஏழாவது துளையின் விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தது. விபத்துக்குப் பிறகு யாரோ அதை ராவி வட்டமாக்கியிருக்கிறார்கள். அதுதான் கங்கையா பிடித்த துளை. மாதிரியிலும் அந்த ஒன்றை மட்டும் ராவும்போது ஜெபகுமாருக்குக் கண் கலங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் திருப்பதி பஸ் ஏறினார்கள். அங்கே கொர்லகுண்டா பகுதியில் கதவைத் திறந்த கங்கையாவுக்கு ஓட வழியில்லை.

மாதிரியைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பிப் பார்த்தார். நுனியில்லாத விரல் தானாகவே ஏழாவது துளைக்குப் போய் நின்றது. ஜெபகுமார் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு காணாமல் போயிற்று.

"அண்ணா, ரெண்டு பொண்ணுங்கள பெத்தது, இன்னிக்கு சோறு துன்றது, எல்லாம் உன்னாலதான்."

கங்கையா மேல்தளத்தைத் தடவிக்கொண்டே, "கம்பி எங்கடா?" என்றார்.

"எந்தக் கம்பி?"

"மேல நீளத்துக்கும் ஓடுமே, நம்ம இடுப்பு கொக்கிய மாட்டிக்கினு நடக்கறது."

ஜெபகுமாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கழிவு கொட்ட மேலே ஏறும்போதெல்லாம் கை தானாகக் கொக்கியை மாட்டிய கம்பி. துளைகளையே எண்ணிக்கொண்டிருந்ததில் அதை மறந்தே போனார்.

"நிஜம் செப்பனா?" என்றார் கங்கையா. "அன்னிக்கு உன்ன புடிக்கப் பாஞ்சப்ப நான் கொக்கி மாட்டல. வெரலு அறுந்ததும் என் கையி உட்டுப்போச்சு. ரெண்டு பேரும் தண்ணிலதான் கெடந்தோம். உன் கொக்கிதான் அந்தக் கம்பில மாட்டிக்கினு இருந்துச்சு. உன் காலர புடிச்சிக்கினு நான் தொங்கினேன். எல்லாரும் என்னமோ நான்தான் காப்பாத்துனேன்னாங்க. கொக்கி இல்லாம ஏறுனது தப்பாச்சே, வாய தொறக்கல. நீ போன் பண்றப்பல்லாம் வெக்கமா இருக்கும்டா. தேங்க்ஸ் நான்தான் சொல்லணும்."

மோகனப்ரியா கணவனைப் பார்த்தாள். அவர் கங்கையாவின் அருகே போனார்.

"அண்ணா, கொக்கி மாட்டலன்னு பாயறப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பாஞ்ச?"

"நீ போறத பாத்துக்கினு நிக்கச் சொல்றியா?"

ஜெபகுமார் அந்தக் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். வாய்விட்டு அழுதார். பத்தொன்பது வருஷமாகத் தான் சுமந்த நன்றி, பட்ட கடனில் பாதிகூட இல்லை என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.