கை நனைக்காத விருந்து

“ஏங்கண்ணு, உனக்கெல்லாம் சாமி எதுக்கு வாய் குடுத்தான்? சோறு திங்கறதுக்கு மட்டுமா?”

மல்லிகா அத்தை இதைக் கேட்டபோது நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். எழுத்து தெரிந்தது, குரல்தான் வரவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்குப் பிறகு நான் போகவில்லை. அப்பாவுக்கு அக்கா என்ற உரிமையில் அத்தை கிளியூரிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டாள்.

நாலைந்து வருடத்தில் அதே அத்தைக்கு என் மூடிய வாய் பிடித்துப்போய்விட்டது. “எதிர்த்து ஒரு வார்த்த பேசாத புள்ள. எனக்கு அப்படித்தான் மருமவ வேணும்” என்று சொல்லித் தன் மகன் சதீஷுக்கு என்னைக் கேட்டாள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“வாயத் தொறக்கல பாரு. அப்பச் சம்மதந்தான்” என்று அத்தை முடித்துவிட்டாள்.

சதீஷ் கெட்டவன் இல்லை. ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் வரவேற்பறையில் நிற்கிறான். வருடத்துக்கு ஒரு முறை சேர்வராயன் கோயில் திருவிழாவில் பார்ப்பதுதான் பழக்கம். அவனோடு ஒரு வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. என் காரணம் அவ்வளவுதான். அவ்வளவு சின்னக் காரணத்தை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் எங்கள் பக்கம் பேச்சு முடிந்ததாக அர்த்தம். நனைப்பது என்றால் உட்கார்ந்து சாப்பிடுவது. அதன் பிறகு மாற்றிப் பேசினால் இரண்டு குடும்பத்துக்கும் கேவலம். எத்தனையோ முறை எங்கள் வீட்டில் சாப்பிட்ட அத்தை பேச்சை முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு வந்தபோது தண்ணீர்கூட வாங்கவில்லை.

“நங்கையா, ஒரு வாய் காப்பியாச்சும்” என்று நாத்தனாரிடம் கெஞ்சினாள் அம்மா.

“எல்லாம் எலயிலதான். எந்தம்பி புடிச்ச விரால் இல்லாம நான் கைய நனைக்க மாட்டேன்.”

அப்பாவுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? உடனே தூண்டிலை எடுத்தார். “மாப்ளயும் வரட்டும்” என்றார். “போ சாமி, ரெண்டு பேரும் பழகுனாப்பலயும் ஆச்சு” என்று அத்தை மகனைத் தள்ளிவிட்டாள்.

ஊருக்குக் கீழே ஆறு வளையும் இடத்தில் தண்ணீர் நடக்கிற மாதிரிதான் நகரும். அங்கே நாங்கள் தூண்டிலை வீசுவதில்லை. இரண்டு லாரி டியூபுகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை போட்டிருப்போம். அதில் உட்கார்ந்து தண்ணீர் போகிற போக்கில் போக வேண்டும். தவளையின் முதுகுத் தோலில் மட்டும் முள்ளைக் கோத்து, தூண்டில் நரம்பை விட்டுக்கொண்டே வந்தால் அது நம் கூடவே நீந்தி வரும். உயிரில்லாத இரையை விரால் திரும்பிப் பார்க்காது. முன்னால் உட்காருபவர் பேசக் கூடாது. அதனால் முன்னிடம் எப்போதும் எனக்குத்தான்.

அன்று அப்பா பின்னிடத்தையும் டியூபைத் திருப்புகிற மூங்கிலையும் சதீஷிடம் கொடுத்துவிட்டுக் கரையில் நடந்து வந்தார்.

“மாமா, இது கவுந்துராதுங்களே?”

“ஆடாம இருந்தாக் கவுராது மாப்ள. அவளாட்டம் உக்காரு.”

சதீஷ் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரம்போல உட்கார்ந்தான். கரை விலகியது. கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டான்.

“உனக்கு நீச்சல் தெரியுமா?”

தெரியும் என்று தலையசைத்தேன்.

“எனக்குத் தெரியாது. எங்கம்மா தெரியும்னு நெனச்சுட்டு இருக்குது.” கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டான். “கவியா, உனக்கு இதுல இஷ்டமா?”

நான் தவளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராக இருந்தாலும் இந்நேரம் எனக்கான பதிலை அவர்களே சொல்லியிருப்பார்கள். சதீஷ் சொல்லவில்லை. டியூப் ஒரு பாறையைச் சுற்றித் திரும்பி நேரானது. அவன் இன்னும் காத்திருந்தான்.

“இல்லீங்க” என்றேன்.

“அப்பாடா!”

அவன் போட்ட சத்தத்தில் டியூபே குலுங்கியது. கரையிலிருந்து அப்பா, “மாப்ள! மீனு பூரா மேட்டூருக்கே ஓடிரும், வாய மூடு!” என்றார்.

பிறகு அவன் குசுகுசுவென்று சொன்னதெல்லாம் வனிதாவைப் பற்றி. அதே ஓட்டலில் வேலை செய்கிறாளாம். “அம்மாகிட்டச் சொல்லீரலாம்னுதான் ஒவ்வொரு வாட்டியும் ஊட்டுக்குப் போவேன். எலயப் போட்டுச் சோத்த வெச்சுரும். தின்னுட்டு வந்துருவேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “அப்ப இன்னைக்குத் திங்காதீங்க” என்றேன்.

“திங்க மாட்டேன். இந்த ஆத்து மேல சத்தியம்.”

அப்போதுதான் நரம்பு விரலில் இழுத்தது. உடனே இழுக்கக் கூடாது. விரால் தவளையை வாங்கித் திரும்பும் வரை விட்டுக் கொடுத்தேன். பிறகு ஒரே வெட்டாக இழுத்தேன். தண்ணீர் உடைந்து கருப்பாக ஒரு முதுகு புரண்டது. சதீஷ் மூங்கிலைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டான். மீன் என் மடியில் வந்து அடித்தது. முழங்கை நீளம் இருக்கும்.

“விட்டுரலாமா? மீனில்லீன்னா விருந்தில்லையே” என்றான்.

“ஊட்டுல கோழி இருக்குது.”

கரையில் அப்பா துண்டை எடுத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இனி அவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

வீட்டில் குழம்பு கொதிக்கக் கொதிக்க அந்த நினைப்பு குறைந்துகொண்டே வந்தது. அம்மா நல்லெண்ணெய் ஊற்றி, பூண்டு தட்டிப் போட்டு, கடைசியில் எங்கள் கொடியில் காய்த்த மிளகைத் தூவினாள். அந்த வாசனைக்கு யார்தான் எழுந்து போவார்கள்? இலை போட்டார்கள். அத்தைக்குப் பக்கத்தில் சதீஷ். எதிரே அப்பா. நான் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. அம்மா நடுத்துண்டமாகப் பார்த்து அவன் இலையில் வைத்தாள்.

“மொதக் கை நீ வையி சாமி” என்றாள் அத்தை. “உன்ற பொண்டாட்டி புடிச்ச மீனு.”

சதீஷ் இலையைப் பார்த்தான். அத்தையைப் பார்த்தான். “அம்மா…” என்றான்.

“என்ன, உப்பு வேணுமா?”

“இல்ல…”

“அப்பறமென்ன, சாப்புடு. ஆறிப்போவுது.”

அவன் என் பக்கம் ஒரு முறை பார்த்தான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இவனால் முடியாது. ஒவ்வொரு முறையும் அவன் வீட்டில் நடந்தது இதுதான். அவன் கை முழங்காலிலிருந்து எழும்பி இலைக்குப் போனது.

“சாப்புடாதீங்க.”

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. இலையில் உட்கார்ந்தவரைப் பார்த்துச் சொல்லக் கூடாத வார்த்தை அது. பகையாளியிடம்கூட யாரும் சொல்ல மாட்டார்கள்.

“என்ன சொன்ன?” என்றாள் அத்தை.

“அவங்க சாப்புட வேண்டாங்க அத்தை. எனக்கு இந்தக் கலியாணத்துல இஷ்டமில்லீங்க.”

“யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?”

சதீஷ் குனிந்துகொண்டான். வனிதாவின் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. அது அவன் சொல்ல வேண்டியது.

“யாரும் இல்லீங்க. நானேதான் சொல்றேன்.”

அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். “தம்பி, இவ பேசறதக் கேட்டியா?”

“கேட்டேங்கக்கா” என்றார் அப்பா. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டியூபில் மீன் ஏறும்போது பார்க்கிற அதே பார்வை. “அவளே வாயத் தொறந்து சொல்லிப்போட்டா. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?”

பிடித்திருந்த நிலையை விட்டேன். மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

சதீஷ்தான் முதலில் எழுந்தான். காய்ந்த கையைப் பேன்ட்டில் துடைத்தபடி வெளியே போய், அவர்கள் வந்த வண்டியைத் திருப்பி நிறுத்தினான். திரும்பி நின்றதால் முகம் தெரியவில்லை. சுமை இறக்கியவன்போலத் தோள் இரண்டும் தளர்ந்திருந்தது மட்டும் தெரிந்தது.

அத்தை மெல்ல எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். மூலையில் இருந்த வயர் கூடையை எடுத்தாள். என் முன்னால் வந்து நின்றாள். ஏதோ கேட்கப்போகிற மாதிரி வாய் திறந்தது. நான் தரையைப் பார்க்காமல் அவளையே பார்த்தேன். வாய் மூடிக்கொண்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள்.