இன்றைக்கு வருகிற காண்ட்ராக்டர்

எங்கள் ஊரில் கூரை வேலைக்காரர் 'நாளைக்கு வர்றேன்' என்று சொன்னால் நாளைக்குப் போய்விடுவார். அங்கேயே தங்கியும் விடுவார். இன்றைக்குத் திரும்பி வந்தவர் என்று ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை.

அப்படி என் வீட்டு வேலைக்கு மட்டும் ஆறு பேர் போயிருக்கிறார்கள். ஒவ்வொருத்தரும் மாடியேறித் தட்டிப் பார்த்தார்கள். "யாரு போட்ட வேலை இது?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். நாளைக்கு வருவதாகச் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. அதனால் நாளைக்கு என் வீட்டுக் கூரை அருமையாக இருக்கிறது. இன்றைக்குத்தான் ஒழுகுகிறது.

ஒழுகுவதும் சரியாக அப்பள மாவின் மேல். என் மனைவி செல்லக்கனி அப்பளம் போட்டு விற்பவள். பிள்ளை இல்லை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஐப்பசி பிறந்ததும் அவள் நாளைக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஆறு பேரும் சேர்ந்து ஜம்முன்னு போட்டிருக்காங்க. ஒரு சொட்டு இறங்கலை. நான் அங்கேயே குடிபோறேன்."

"அப்ப நான்?"

"நீங்களும் வாங்க. யாரு வேண்டாம்னா?"

நான் போக முடியாது. என் மளிகைக் கடையில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று பலகை மாட்டியிருக்கிறேன். நாளைக்குப் போய் உட்கார்ந்தால் ஊரே பையோடு வரிசையில் நிற்கும். இதைச் சத்தம் போட்டே சொன்னேன். அவள் பாட்டுக்கு அப்பளக் குழவியையும் தேய்க்கிற பலகையையும் சாக்கில் கட்டினாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன் என்றாள். குடிபோய்விட்டால் அவ்வளவுதான். நான் எவ்வளவு வேகமாக நடந்தாலும் அவள் ஒரு நாள் முன்னால் இருப்பாள்.

நம்பகமான ஆள் வேண்டும் என்று நாலு இடத்தில் விசாரித்தேன். ஜெபராஜைச் சொன்னார்கள். புதன்கிழமை அவரைப் பிடித்தேன். அவர் வேறு ரகம்.

"நேத்தே வந்தேனே அண்ணாச்சி. வீடு பூட்டிக் கிடந்துச்சு."

உண்மைதான். நேற்று பூட்டித்தான் இருந்தது. அவர் எல்லார் வீட்டுக்கும் நேற்றுதான் போவார். ஆனால் அவரால் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. இந்தத் தொழிலில் இன்றைக்கு என்பதற்குக் கீழேயும் இறங்கலாம்.

வியாழக்கிழமை சுடலைமுத்து என்று இன்னொரு காண்ட்ராக்டர் வந்தார். தட்டினார், பிதுக்கினார், வாயைத் திறந்தார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்திடுறேன்."

நான் தலையாட்டவில்லை. "வாய்க்கு வந்ததைச் சொல்லாதீரும். இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணி."

"கட்டுப்படியாகாது அண்ணாச்சி. உங்களுக்காக நாளைக்கு விடியக்காலம் அஞ்சு."

"இன்னைக்கு மத்தியானம் ரெண்டு."

"நான் இறங்கினா நீங்க ஏறணும்லா? நீங்களும் இறங்குறீங்களே."

"ஏறுறவன் எவனாவது இருந்தா அவன்கிட்டப் போய் வியாபாரம் பண்ணும்."

தலையைச் சொறிந்தார். சரி, ரெண்டு மணி என்றார். அங்கேயே நான் தலையாட்டியிருக்க வேண்டும். ஆனால் எதிராளி சட்டென்று ஒத்துக்கொண்டால் ஏமாந்துவிட்டோமோ என்று எனக்கு ரத்தம் கொதிக்கும். காய்கறிச் சந்தையில் கூடை சுமந்த காலத்துப் பழக்கம். நேற்று என்றேன். போன வாரம் என்றேன். போன சித்திரை என்றேன். சுடலைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். போகவிட்டேன். கரண்டுக் கம்பம் வரை போனவர் திரும்பினார். எல்லாரும் அங்கேதான் திரும்புவார்கள்.

"கடைசியாச் சொல்றேன். தொண்ணூத்தாறு, ஆவணி மாசம். நான் தொழிலுக்கு வந்ததே அப்பத்தான். அதுக்கும் கீழன்னா எங்க அப்பாகிட்டதான் பேசணும்."

தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. ஒரு சொட்டு இறங்கவில்லை. நான் வீடு கட்டியது இரண்டாயிரத்து ஒன்றில். அதுவரை அந்த மனையில் கருவேல முள் மட்டும்தான் இருந்தது. ஆக, கூரை ஐந்து வருஷம் முள்ளுக்கு மேலே சும்மா நின்றிருக்கிறது. சுவர்கள் பிறகு வந்து அதற்கு அடியில் சேர்ந்துகொண்டன. கனகச்சிதமாகப் பொருந்தியிருந்தது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

செல்லக்கனி அண்ணாந்து பார்த்தாள். சாக்கை அவிழ்த்துக் குழவியை வெளியே எடுத்தாள்.

"இந்தக் கூரைக்கு அடியிலதானே உங்களை முதமுதல்ல பார்த்தேன்," என்றாள். "மழைக்கு ஒதுங்கினேன். நீங்க ஒரு கொய்யாப்பழக்காரிகிட்ட மல்லுக்கு நின்னுக்கிட்டிருந்தீங்க. இந்த ஆளு குடும்பத்தைக் காப்பாத்திருவாருன்னு தோணுச்சு."

தரகர் மூலமாகத் தொண்ணூற்றொன்பதில் எங்களுக்குக் கல்யாணம் ஆனதாகத்தான் எனக்கு ஞாபகம். சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். தொண்ணூற்றேழு, தை மாதம் என்று போட்டிருந்தது. படத்தில் நான் கொஞ்சம் ஒல்லியாக இருந்தேன்.

அடுப்படியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். என் மூக்கு.

"அப்பா, சாப்பிட வாங்க. எத்தனை தடவைதான் கூப்பிடுறது? சோறு ஆறிப்போய்க் கிடக்கு."

கோபமும் என்னுடையதுதான். கை கழுவப் போகிற வழியில் செல்லக்கனியின் பக்கத்தில் குனிந்து, அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று தணிவாகக் கேட்டுக்கொண்டேன். சொன்னாள். நீளமான பெயர்தான். குறைக்கச் சொல்லவில்லை.