சைடு ஸ்டாண்டு

ரூபகலா பிறந்ததிலிருந்து அப்பாவின் ஸ்கூட்டரை விட்டு இறங்கியதில்லை. அந்த ஊரில் அதுதான் வழக்கம். பிள்ளைகள் முதலில் முன்னால் நின்றுகொண்டு வருவார்கள். ஹாரன் அடிக்க விடுவார்கள். வளர்ந்து அப்பாவுக்கு ரோட்டை மறைக்கத் தொடங்கியதும், ஓடுகிற வண்டியிலேயே பின்சீட்டுக்கு மாறிவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஜன்னல் வழியாகவே அவள் படித்து முடித்தாள். கல்லூரிப் பட்டத்தை ஒரு வளைவில் நின்று யாரோ நீட்ட, எட்டிப் பிடித்தாள். அம்மா தினமும் சிக்னலில் டிபன் பாக்ஸ் கொடுப்பாள். சிக்னலிலும் அப்பா நிற்க மாட்டார். அம்மாதான் கூடவே நாலடி ஓடி வருவாள்.

வழியெல்லாம் ஜனங்கள் கை நீட்டிக் கத்துவார்கள். "சார், சைடு ஸ்டாண்டு!"

அப்பா அய்யாத்துரை தலையை ஆட்டுவார். "தெரியும்."

ஒரு திங்கட்கிழமை அவளைப் பால் பண்ணையில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பாலைச் சோதித்துச் சொல்லும் வேலை. அதற்காகத்தான் அவள் படித்திருந்தாள். வாசலில் மேலாளர் கிரேஸ் மேடம் ஒரு பாத்திரத்தோடு நின்றார்.

"வண்டி உள்ள வராது. ஆள் வரலாம்," என்றார். "பாலுக்கு உறை ஊத்தியாச்சு. தயிராகுறதுக்குள்ள வந்தா வேலை உனக்கு. இல்லன்னா அடுத்த ஆளுக்கு."

அவள் பதில் சொல்வதற்குள் பால் பண்ணை பின்னால் போய்விட்டது.

"அப்பா, நிறுத்துங்க. நான் இறங்கணும்."

"இறங்கி?"

"நடந்து உள்ள போகணும்."

"எங்க நடக்கணும்னு சொல்லு பாப்பா. நான் கொண்டுபோய் விடுறேன்."

ஊரை ஒரு சுற்றுச் சுற்றிப் பால் பண்ணை மறுபடி வந்தது. கிரேஸ் மேடம் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார். ஓரமெல்லாம் கட்டியாகியிருந்தது.

"பிரேக் இல்லையாப்பா?"

"இருக்கு. பிடிச்சதில்ல."

டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தினார். "சார், சைடு ஸ்டாண்டு!"

கீழே பார்த்தால் தலை சுற்றும் என்று அப்பா சொல்லியிருந்ததால் அவள் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள். ஸ்டாண்டு மண்ணில் ஊன்றியிருந்தது. அதைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. சக்கரம் சுற்றவில்லை. டீக்கடையும் கோயிலும் பஸ் ஸ்டாண்டும்தான் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"வண்டி ஓடலப்பா."

"தெரியும்."

"எப்பருந்து?"

"நீ முன்னால நின்னு ஹாரன் அடிச்சியே, அப்பருந்து."

"ஏம்ப்பா எடுக்கல?"

"எடுத்தா ஆடும் பாப்பா. நீ விழுந்துட்டீன்னா?"

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். ரூபகலாவின் கல்லும் கொஞ்சம் ஆடியது. ஆனாலும் பால் பண்ணை மூன்றாவது முறையாக வந்துகொண்டிருந்தது. அவள் இறங்கினாள்.

எந்தக் காலை முதலில் வைப்பதென்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தாள். விழுந்தாள். முட்டியில் ரத்தம் வந்தது.

"எந்திரிக்காத பாப்பா, நான் வாரேன்!" என்று அப்பா கத்தினார். அவருக்கும் இறங்கத் தெரியாது.

அவள் எழுந்தாள். புதுப்பெண் மாதிரி வலது காலை எடுத்து வைத்தாள். கால் நின்றது. அடுத்த காலை வைத்தாள். அப்படியே வாசல் வரைக்கும் போய்விட்டாள்.

கிரேஸ் மேடம் பாத்திரத்தை லேசாகத் தட்டினார்.

"நடுவுல இன்னும் ஆடுது," என்றார். "உள்ள வா."

"ஒரு நிமிசம் மேடம்."

ரூபகலா திரும்பினாள். கையை நீட்டி, ஊரே கேட்கும்படி கத்தினாள்.

"அப்பா! சைடு ஸ்டாண்டு!"

அவர் கீழே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குதிகாலால் அதைத் தள்ளினார். கடைகள் எல்லாம் நின்றன. வண்டி நகர்ந்தது. ஆடியது. விழவில்லை.

"சாயங்காலம் வரவா, ரூபகலா?"

அவர் அந்தப் பெயரைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"நானே வந்துருவேன்ப்பா."

வண்டி டீக்கடையைத் தாண்டியது. அங்கிருந்தவர்கள் பதறிப்போய்க் கை நீட்டினார்கள்.

"சார், பின்னால ஆளக் காணோம்!"

அய்யாத்துரை தலையை ஆட்டினார். "தெரியும்."

ரூபகலா முட்டியைத் துடைத்துக்கொண்டு, கையைக் கழுவி, வேலைக்குப் போனாள்.