ரெண்டர் போடுறேன்பா

அண்ணன் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டார். அதற்குள் என் கம்ப்யூட்டரின் வாயை அடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பாவுக்குக் குரல் எழும்பாது. பேச்சு வெறும் காற்றாகத்தான் வரும். என் பிழைப்போ, இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோலப் படமாக்கித் தருவது. கம்ப்யூட்டர் அந்தப் படத்தைத் தீட்டுவதைத்தான் ரெண்டர் என்போம். அது முடியும்வரை கிராபிக்ஸ் கார்டின் ஃபேன், மிக்ஸியில் கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி அலறும். இருப்பது ஒரே ஹால். ஒரு மூலையில் அவர் கட்டில், மறு மூலையில் என் மேஜை.

போன வாரம் பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் பார்த்தேன். தரையில் கிடந்துகொண்டே, "ஒண்ணுமில்லம்மா, லேசா சறுக்கிடுச்சு" என்றார்.

அண்ணன் போனில் குதித்தார்.

"அவர் கூப்பிட்டா உனக்குக் காது கேக்கல. அப்புறம் என்னத்த பாத்துக்கிற? நான் வர்றப்பவும் அந்தச் சனியன் இப்படியே கத்திச்சுன்னா, அப்பாவ இல்லத்துல சேத்துடுவேன். அவ்வளவுதான்."

எப்போதாவது எட்டிப்பார்த்து நாலு ஆப்பிளை வைத்துவிட்டுப் போகிறவர் பேசுகிற பேச்சு இது. ஆனாலும் அவர் சொன்னதில் தப்பில்லை. அப்பாவுக்கு ஒரு மணி வாங்கிக் கொடுத்திருந்தேன். "நான் என்ன பள்ளிக்கூட பியூனா?" என்று ஓரமாக வைத்துவிட்டார். வேலையை நிறுத்தலாமென்றால் சோற்றுக்கு எங்கே போவது?

காலையிலேயே கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு போன் போட்டேன். "அக்கா, அந்த ஃபேன் இப்ப வர்றதே இல்ல. கார்டையே மாத்திடுங்க" என்றார். சட்டையை மாற்றச் சொல்வதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

தூசியை ஊதினேன். சத்தம் அப்படியே இருந்தது. ஃபேன் வேகத்தைக் குறைத்தேன். கார்டு கொதித்து, மிஷின் அணைந்து, பாதி தீட்டிய படம் காற்றோடு போனது. தையல் மிஷின் எண்ணெயை அச்சில் விட்டேன். சற்று நேரம் அடங்கியிருந்துவிட்டு முன்னைவிட அதிகமாகக் கிறீச்சிட்டது. ஓங்கி ஒரு அடி வைத்தேன். கைதான் வலித்தது. உட்கார்ந்து அழுதேன்.

பரண்மேல் ஒரு செத்த கம்ப்யூட்டர் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதில் பெரிய ஃபேன்கள் இரண்டு இருந்தன. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும், காற்று வரும். கார்டின் மூடியையும் அதன் சொந்த ஃபேனையும் கழற்றினேன். கார்டு போனால் வேலை போச்சு, வேலை போனால் அண்ணன் வாதாடவே தேவையில்லை. பெரிய ஃபேன்களைப் பிளாஸ்டிக் வாரால் கார்டோடு இறுக்கிக் கட்டினேன். பார்க்க எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டதுபோல இருந்தது.

இனி ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான். சத்தத்தில் அவர் திடுக்கிடக் கூடாதென்று, ரெண்டரைத் தொடங்குமுன் எப்போதும் சொல்லிவிடுவது வழக்கம். வாய் தானாகச் சொன்னது.

"ரெண்டர் போடுறேன்பா."

அப்பா வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சத்தம் பிடிக்காமல்தான் திரும்புகிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

பட்டனை அழுத்தினேன். ஃபேன்கள் சுற்றின. சத்தமே இல்லை. ஐயோ, ஜெயித்துவிட்டேன் என்று துள்ள இருந்தேன்.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு முனகல் வந்தது. கரகரப்பாக, நீளமாக, பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டது போல. பின்னாலேயே இன்னொன்று. இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

முனகல் சட்டென்று நின்றது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சத்தம் வரலியே..." என்றார்.

"எப்பயிருந்துப்பா வலிக்குது?"

"விழுந்ததுலேருந்து."

"ஏன்பா சொல்லல?"

"சொன்னா உன்னால முடியாதுன்னு அனுப்பிடுவான். உன் மிஷின் கத்துறப்ப நானும் கொஞ்சம் கத்திக்குவேன். போதும்மா அது." காற்றாகத்தான் சொன்னார். ஒரு எழுத்து விடாமல் கேட்டது. "அவன்கிட்ட சொல்லிடாத."

வாசலில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. ஆப்பிள் பையோடு உள்ளே வந்தவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன, மிஷின் ஓடலயா?"

"ஓடுதுண்ணே."

குனிந்து கம்ப்யூட்டரில் காதை வைத்துக் கேட்டார். முகம் தெளிந்தது. "பரவால்லயே! அப்பா இங்கயே இருக்கட்டும். இப்ப அவர் கூப்பிட்டா உனக்குக் கேக்கும்ல?"

அவர் முதுகுக்குப் பின்னால் அப்பா என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பெற்ற மகளைப் பார்த்து.

"கேக்குதுண்ணே," என்றேன். "வண்டிய வரச் சொல்லு, ஆஸ்பத்திரிக்குப் போகணும். அப்பாவுக்கு ரொம்ப வலிக்குது."