அனுப்புநர்: ஆர்வோ

மூன்றாவது தடவையும் போன் லைனில் மாட்டிய மோடம் கிறீச்சிட்டு அடங்கியது. பாதி வந்த கடிதப் பொட்டலம் திரையிலிருந்து மறைந்தது. ஐலி போனை எடுத்து, ஊரில் ஆணிக்கடை வைத்திருந்த கார்டனைக் கூப்பிட்டாள்.

"வருது, வருது, நடுவுல அறுந்துபோகுதுங்க."

"வேகத்தைக் குறைச்சு வைம்மா. உங்க ரோட்டுப் போன் கம்பி பனியில கெடந்து நைஞ்சுபோனது. ஓடவிடாத, நடக்கவிடு."

ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் எழுதிப் போட்டுப் பேசிக்கொள்ளும் பலகை, கார்டனின் கடைக்கு அடியில் ஒரு பழைய இயந்திரத்துக்குள் இருந்தது. போன் வழியாக உள்ளே போய்ப் படிக்கவேண்டும். படித்து முடிக்கும்வரை வீட்டுப் போன் அதற்கே. தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்த பிறகு அப்பா ஆர்வோவுக்கு அந்தப் பலகைதான் வாய். டுலூத் நகரத்திலிருந்து ஐலி எப்போது கூப்பிட்டாலும் எங்கேஜ்டு. பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு துண்டுச் சீட்டில்கூட நாலு வார்த்தை எழுதாதவர், அங்கே யாருக்கு என்னதான் எழுதுகிறார் என்று அவளுக்கு எரிச்சலாக இருக்கும்.

இப்போது அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. காலையிலிருந்து விரலைக் கம்ப்யூட்டர் இருந்த மேசைப் பக்கமே நீட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் எந்த நேரமும் கூப்பிடுவாள், லைனைப் பிடித்துவைக்க முடியாது. கார்டன்தான் வழி சொன்னார்: வந்த கடிதங்களை எல்லாம் ஒரே மூட்டையாக இழுத்துக்கொண்டு போனை வைத்துவிடலாம், அப்புறம் படுத்தபடியே படிக்கலாம், பதில் எழுதி வைக்கலாம், மறுபடி கூப்பிடும்போது மொத்தமாக அனுப்பலாம். அதற்கான புரோகிராமைக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மடிக்கணினி ஐலி வேலை செய்யும் பள்ளிக்கூடத்து நூலகத்தினுடையது.

"ஒங்கப்பா இல்லாம பலகை வெறிச்சோடிக் கெடக்கும்மா," என்றார் கார்டன். "அந்த மனுஷன் எழுதுறதப் படிச்சுட்டு காபி மூக்குல ஏறிடும் எனக்கு."

"எங்கப்பாவா?"

"பின்ன? சரி, இன்னைக்கு ஃபார்கோவுக்கு மக வீட்டுக்குக் கெளம்புறேன். திங்கக்கிழமைதான் வருவேன். மெஷின் அது பாட்டுக்கு ஓடும்."

வேகத்தைக் குறைத்ததும் பொட்டலம் வந்து சேர்ந்தது. ஐலி கணினியைத் தூக்கிக்கொண்டு படுக்கை அறைக்குள் போனாள். அப்பாவின் கழுத்துத் துளையில் மூச்சு சளியோடு இழுத்துக்கொண்டிருந்தது. அவள் துடைத்துவிட்டாள்.

"வந்துருச்சுப்பா. படிக்கட்டுமா?"

கண்ணைத் திறந்தார். அவள் படித்தாள். மீன் பிடிக்கிறவர்களின் சண்டை, சுரங்கம் மூடப்போவதாக வதந்தி. ஒருவர், அப்பா முன்பு எழுதிய வரியை அப்படியே மேலே வைத்துப் பதில் போட்டிருந்தார்: 'டாக்டர் என் தொண்டையை எடுத்தார். என் மனைவி இருந்திருந்தால் இருபது வருஷம் முன்பே எடுக்கச் சொல்லியிருப்பாள்.'

ஐலி நிறுத்தினாள். அம்மா இறந்த பிறகு அவர் அம்மாவைப் பற்றி எதுவும் சொல்லி அவள் கேட்டதில்லை.

"இதுக்கு என்னப்பா எழுதணும்? சொல்லுங்க."

விரலைப் பிடித்து எழுத்துக் கட்டைகளின் மேல் வைத்தாள். ஒரு கட்டை அழுந்தியது. விரல் எடுபடவில்லை. ஒரே எழுத்து திரை நெடுகப் போய்க்கொண்டே இருந்தது. அவள்தான் விரலை எடுத்துவிட்டாள்.

மதியம் நர்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

தம்பி வெய்ன் போதகரிடம் பேசி முடித்துப் போனை வைத்ததும், "எனக்குக் கொஞ்சம் லைன் வேணும்டா," என்றாள் ஐலி.

"இப்பவா? எதுக்கு?"

"அவரோட ஆளுங்க வேற யாரு இருக்காங்க? பலகையில இருக்கிறவங்களுக்குச் சொல்லணும்ல."

அழுகையோடு தட்டினாள். 'ஆர்வோ இன்று மதியம் இறந்துவிட்டார். சனிக்கிழமை லூத்தரன் கோயிலில் பிரார்த்தனை. பிறகு கீழே சாப்பாடு. மண் உறைந்திருப்பதால் அடக்கம் மே மாதம். எல்லோரும் வாருங்கள்.' மேலே 'அனுப்புநர்: ஆர்வோ' என்று புரோகிராம் தானே போட்டுக்கொண்டது. அதை மாற்றப் பார்த்தாள், விடவில்லை. படித்தால் தெரியாமலா போகும் என்று அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை கோயிலின் கீழ்த்தளத்தில், பலகைக்காரர்களுக்காக இரண்டு நீள மேசைகளைக் கூடுதலாகப் போடச்சொன்னாள். ஏலக்காய் ரொட்டி, வேகவைத்த நூடுல்ஸ் தட்டுகள், பெரிய பாத்திரம் நிறையக் காபி. வந்தவர்கள் ஒரு மேசைக்குள் அடங்கிவிட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் ஐலி திரும்பினாள். குளிர்தான் வந்தது.

"இவ்ளோ காபி போட்டுட்டனேம்மா," என்றாள் சமையற்கட்டுப் பெண். "இன்னும் வருவாங்களா?"

"கீழ ஊத்திடுங்க," என்றாள் ஐலி.

வீட்டுக்கு வந்து மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் பலகையைக் கூப்பிட்டாள். பொட்டலம் சின்னதாக இருந்தது. எல்லாம் அப்பாவின் பெயருக்கு.

'இறந்தும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். பிரமாதம், ஆர்வோ.'

'மே வரைக்கும் ஏனய்யா இழுக்கிறீர்? ஏப்ரல் வரிக் கணக்கைத் தள்ளிப்போடவா?'

'அங்கே சாத்தானிடம் போன் இருந்தால் நம்பர் அனுப்பும்.'

கடைசியில் ஒன்று: 'நான் இங்கே தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நீர் திரும்பி வந்ததே போதும். இனி இப்படிக் காணாமல் போகாதீர்.'

பதில் எழுதவா என்று புரோகிராம் கேட்டது. ஐலி, 'நான் ஆர்வோவின் மகள்' என்று தட்டினாள். அதற்கு மேலேயும் அவர் பெயர்தான் இருந்தது. எழுத்து எழுத்தாக அழித்தாள்.

"என்னக்கா எழுதியிருக்காங்க?" உள்ளே இருந்து வெய்ன் கேட்டான்.

"ஒண்ணுமில்லடா. சும்மா பேசிக்கிறாங்க."

"கொஞ்சம் வாயேன். இந்த மெத்தைய நான் ஒருத்தனாத் தூக்க முடியல."

போனாள். விரிப்பு உருவிய மெத்தையின் ஒரு முனையை அவன் பிடித்திருந்தான். மறுமுனையை அவள் பிடித்தாள். நடைவழியில் அது திரும்பவில்லை. நிமிர்த்தினார்கள், சாய்த்தார்கள், மறுபடி நிமிர்த்தினார்கள். பின்கதவைத் தோளால் தள்ளித் திறந்து வெளியே கொண்டுபோய், சுவரோடு சாய்த்து வைத்தார்கள். அது மெல்ல வளைந்து, பனியில் உட்கார்ந்தது. வெய்ன் ஒருமுறை தூக்கி நிறுத்தினான். மறுபடி உட்கார்ந்தது.

"விடுடா," என்றாள் ஐலி. இருவரும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள்.