ஜெபத்தில் வைத்த கூரை

அக்கா வீட்டுக் கூரை மூன்று மாதமாக ஒழுகியது. அத்தான் ஒழுகும் இடத்தில் ஒரு வாளியை வைத்தார். புதன்தோறும் வீட்டில் நடக்கும் ஜெபக்கூட்டத்தில் கூரையையும் ஜெபத்தில் வைத்தார். சோம்பேறி எறும்பிடம் பாடம் படிக்க வேண்டும் என்று வேதம் சொல்வதை மணிக்கணக்கில் விளக்குவார். ஆனால் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடமாட்டார்.

எனக்குக் கூரை வேலைதான் பிழைப்பு. ஒழுகும் விஷயம் எனக்குத் தெரிந்ததே இந்தப் புதன்கிழமை கூட்டத்துக்குப் போனபோதுதான். வெளியே மழை. எல்லோரும் கண்ணை மூடியதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஏணியைச் சாய்த்து மேலே ஏறினேன். ஒரே ஒரு ஓடு நகர்ந்திருந்தது. தள்ளிப் பொருத்தினேன். அத்தான் ஜெபம் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

ஒருவழியாக ஆமென் கேட்டது. பிறகு அத்தானின் குரல்.

"பாத்தீங்களா, சொட்டு நின்னுடுச்சு. ஆண்டவர் பதில் கொடுத்துட்டாரு."

"கொடுத்துட்டாரு அத்தான்," என்றேன் மேலிருந்தே. "அந்தப் பதில் இப்போ கீழ இறங்கணும். ஏணி வழுக்குது, வந்து பிடிங்க. இதையும் ஜெபத்துல வச்சுடாதீங்க."